புளி போட்டு மினுக்கிய மணி

அத்தியாயம் 9

கமலநாயகியின் விரல் நுனியில் புளி வாசம் இன்னும் போகவில்லை. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியாயிற்று. எஸ்-பான் ரயிலில் யன்னலோரம் இருந்துகொண்டு கையை மூக்கடிக்குக் கொண்டுபோனவள், மகள் பார்க்கிறாளோ என்று நிமிர்ந்தாள்.

தேனுஜா பார்க்கவில்லை. கமராப் பையை மடியில் வைத்து, அதன் வாரைச் சுட்டுவிரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"சாப்பிட்டனியோ?"

தலை ஆடியது. ஓம் என்றா, இல்லை என்றா, பெற்றவளுக்கே பிடிபடவில்லை.

"பாண் ரெண்டு துண்டு கொண்டு வந்தனான். முட்டை வைச்சது."

"வேண்டாம் அம்மா."

இரண்டு சொல். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அதுவே பெரிய பேச்சு.

ஃப்ரௌ மார்க்வார்ட் சொல்லிவிட்டுப் போன வார்த்தை ஒரு கிழமையாக அந்த வீட்டில் உலைத் தண்ணீர் மாதிரிக் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஹம்பேர்க்கில் எல்பெ ஆற்றில் கட்டிக் கிடக்கும் அமாலியா என்ற பழைய நீராவிக் கப்பலில் கமலநாயகி கிழமைக்கு இரண்டு நாள் துப்புரவு வேலை செய்கிறாள். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு சக்கரம் வைத்த கப்பல். 1899இல் கட்டியது. ஓய்வுபெற்ற கிழவர்கள் சிலர் சங்கம் வைத்து அதை ஓட்டுகிறார்கள். கொதிகலன் குழாய்கள் உக்கிப்போனதால், கப்பலில் கிடக்கும் பழம்பொருட்கள் முப்பத்தாறை ஏலத்தில் விற்பதென்று சங்கம் முடிவு செய்தது. பொருட்களைப் பார்க்க வந்த ஏலக்கடை அம்மாதான் ஃப்ரௌ மார்க்வார்ட். கப்பலின் கூடத்தில் மாட்டியிருந்த ஒரு படத்துக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார். சக்கரத்தின் பலகைகளிலிருந்து தண்ணீர் வடிகிற படம்.

"இதை எடுத்தது யார்?"

எடுத்தது தேனுஜா. தாய்க்கு உதவி செய்ய வந்த ஒரு நாள், பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் வாங்கிய கமராவால் எடுத்தது.

"சனிக்கிழமை முப்பத்தாறு பொருளையும் படம் எடுக்கட்டும். நன்றாக வந்தால் ஓகஸ்டிலிருந்து எங்கள் படப்பிரிவில் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறேன். மூன்று வருடம். முடிவில் சான்றிதழ்."

தேனுஜாவுக்கு வயது பதினேழு. போன வருடம் பத்தாம் வகுப்பில், பத்து நிமிடம் வகுப்புக்கு முன்னால் நின்று கதைக்கச் சொன்னார்கள். தாளைக் கையில் பிடித்தபடி நாலு நிமிடம் நின்றாள். ஒரு சொல் வரவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அன்றிலிருந்து வீட்டில் மணி அடித்தால் ரெலிபோனைத் தொடுவதுமில்லை.

தகப்பன் பரராசசிங்கம் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"உந்த அவுஸ்பில்டுங் பயிற்சி கிடைச்சால் சரி. கிடையாட்டில் சனிக்கிழமை பின்னேரம் ஏழரைக்கு நான் டோர்ட்மண்டுக்குப் போன் எடுப்பன். என்ரை தங்கச்சி புஷ்பராணி கடையிலை ஆள் தேடுறாள். கல்லாவிலை இருந்து நாலு சனத்தோடை கதைச்சால் எல்லாம் சரிவரும்."

கதைத்தால் சரிவருமாம். வாசலில் ஆள் வந்தால் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும் பிள்ளை, மாமி கடையில் விடியப்புறத்திலிருந்து "வாங்கோ அக்கா, என்ன வேணும் அண்ணை" என்று கேட்டுக்கொண்டிருக்குமோ? தண்ணீரில் போட்ட உப்பு மாதிரிக் கரைந்துபோகும். கமலநாயகிக்கு அது தெரியும்.

தெரிந்தபடியால்தான் நேற்று வெள்ளிக்கிழமை, துப்புரவு முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், கப்பலில் இன்னும் நாலு மணித்தியாலம் நின்றாள். என்ன செய்தாள் என்பதை மகளுக்குச் சொல்லவில்லை. அங்கே போய்ப் பார்க்கட்டும், முகம் மலரட்டும் என்று மனதுக்குள் பூட்டி வைத்திருந்தாள்.

பேர்கெடோர்ஃபில் இறங்கி, பஸ் பிடித்து, ஆற்றங்கரையை அடையும்போது எட்டு மணி.

"மொயின்!" என்றார் ஹெர் லூடர்ஸ். சங்கத்துக் கிழவர்களில் ஒருவர், எழுபத்தாறு வயது. நீல வேலைக்கோட்டும் எண்ணெய்க் கறையுமாகக் கப்பல் ஏறும் பாலத்தில் நின்றார். காலையோ மாலையோ, ஹம்பேர்க்காருக்கு ஒரே வணக்கம் அதுதான்.

"மொயின், மொயின்," என்றாள் கமலநாயகி.

தேனுஜா நிலத்தைப் பார்த்தபடி அவரைக் கடந்து போனாள். அவர் குறை நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு வழிவிட்டு, இயந்திர அறைப் படிகளில் இறங்கிப் போய்விட்டார். தனியாக விட்டால் வேலை செய்யும் என்று இரண்டு மாதத்தில் அவர் கண்டுபிடித்திருந்தார்.

கூடத்தின் நீள மேசையில் எல்லாம் இலக்கம் ஒட்டி வரிசையாகக் கிடந்தன. பழைய உணவுப் பட்டியல்கள், நங்கூரம் பொறித்த கோப்பைகள், ரிக்கற்றில் ஓட்டை போடும் கருவி, கப்தானின் தொப்பி, தகர விளம்பரங்கள். மேசையின் தலைமாட்டில் ஒரு பச்சைத் துவாய் எதையோ மூடியிருந்தது.

தேனுஜா கமராவின் மூன்று கால் தாங்கியை விரித்தாள். வெள்ளை மட்டையை யன்னலுக்குப் பக்கத்தில் வளைத்து வைத்தாள். பட்டியல் தாளை எடுத்தாள். முதலாம் இலக்கம்: கப்பலின் மணி.

"அந்தத் துவாயை எடு பாப்பம்," என்றாள் கமலநாயகி. சிரிப்பை அடக்கிய வாயோடு.

தேனுஜா எடுத்தாள்.

கூடம் முழுக்க வெளிச்சம் தெறித்தது. காலை வெயில் மணியில் பட்டு, கூரையில் ஒரு மஞ்சள் வட்டமாக ஆடியது. அதற்குப் பக்கத்தில் நீராவி ஊதுகுழல், இரண்டு விளக்குகள். எல்லாம் கலியாண வீட்டுப் பாத்திரம் மாதிரிப் பளிச்சென்று நின்றன.

"அம்மா. இது என்ன?"

"மணி."

"இதை... ஆர் இப்பிடிச் செய்தது?"

"ஆர் செய்யிறது, நான்தான்! நேற்று நாலு மணித்தியாலம். புளி போட்டு, சாம்பல் போட்டு. கீழை கொதிகலனடியிலை சாம்பலுக்கு என்ன பஞ்சமே? கீறல் விழக்கூடாதெண்டு சீலையிலை அரிச்சு எடுத்தனான். என்ன ஊத்தை எண்டு நினைக்கிறாய்! மூண்டு வாளி தண்ணி கறுப்பாப் போச்சு. இப்ப பார், முகம் பாக்கலாம்."

தேனுஜா மணியைப் பார்த்தாள். முகம் தெரிந்தது. நீண்டு, வளைந்து, வாய் பிளந்த முகம். அப்படியே தரையில் இருந்துவிட்டாள்.

"ஒருத்தரும் மினுக்கச் சொல்லேல்லையே அம்மா."

"சொல்லவேணுமே? போட்டோ எடுக்கிறதெண்டால் முகம் கழுவாமல் போய் நிக்கிறதே? உன்னை முதல்முதல் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோகேக்கை நான் பூசின பவுடரைப் பாத்திட்டு, அந்தப் படக்காரன் பிள்ளைக்குக் கண் எங்கை எண்டு கேட்டவன்."

வேறு நாளென்றால் தேனுஜா சிரித்திருப்பாள்.

"இது பிள்ளை இல்லை அம்மா. இதுக்கு அந்தக் கறுப்புத்தான் விலை. நூறு வருசக் கறுப்பு. வாங்கிறவை அதைத்தான் பாப்பினம். தூசி தட்டலாம், தேய்க்கக்கூடாதெண்டு ஃப்ரௌ மார்க்வார்ட் சொன்னவ. இதிலை எழுதியும் கிடக்கு."

பட்டியல் தாளின் தலைப்பில், தடித்த எழுத்தில், இரண்டு கோடு அடித்து எழுதிக் கிடந்தது. அந்த எழுத்துக்கு மேலேயே வட்டமாக ஒரு மண்ணிறக் கறை. கமலநாயகி நேற்றுப் புளிக் கிண்ணத்தை வைத்த இடம் அது.

"கறுப்புக்கு விலையோ? உதென்ன புதினம்! களிம்பு பிடிச்ச செம்பிலை ஆரும் வாய் வைப்பினமே?"

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அதில் ஒன்றுமே இருக்கவில்லை. போன வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அன்றும் அதே முகம்தான்.

கமலநாயகி தன் விரல்களைப் பார்த்தாள். வாய்க்கு வந்த சோற்றைத் தட்டிவிட்டேனோ? அதுவும் என்ரை கையாலேயோ?

"பொறு. பொறு பிள்ளை. நான் கீழை போய்க் கரி எடுத்துக்கொண்டு வாறன். எண்ணெயிலை குழைச்சுப் பூசினால் பழையபடி..."

"அம்மா, போதும். ஒண்டும் பூச வேண்டாம். ஒண்டையும் தொடாதையுங்கோ. அந்தக் கதிரையிலை போய் இருங்கோ."

தேனுஜா தாய்க்குக் கட்டளை போட்டது அதுதான் முதல் தரம். கமலநாயகி போய்க் கதிரையில் இருந்தாள்.

தேனுஜா எழும்பித் துவாயால் மணியை மறுபடி மூடினாள். முப்பத்தாறாம் இலக்கத்திலிருந்து தலைகீழாகத் தொடங்கினாள். கோப்பை, தட்டு, தொப்பி. ஒவ்வொன்றையும் நேராக, சரித்து, அடிப்பக்கம் என்று மூன்று தரம். வெடிப்பு இருந்தால் அந்த வெடிப்பைக் கிட்டவாக இன்னொன்று. கமரா 'கிளிக்' என்னும்போதெல்லாம் கமலநாயகி கண்ணை மூடித் திறந்தாள். ஊதுகுழல் வந்தபோது பார்க்க முடியாமல் யன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தாள். மணல் ஏற்றிய படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேசையில் மிஞ்சியது மணி மட்டும்.

"உங்கடை சால்வையைத் தாங்கோ."

கமலநாயகி கழுத்தில் சுற்றியிருந்த கடும் நீலச் சால்வையைக் கழற்றிக் கொடுத்தாள். தேனுஜா அதை மணிக்குப் பின்னால் தொங்கவிட்டாள். யன்னல் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினாள். ஒன்றை மட்டும் நாலு விரல் அகலத்துக்கு விட்டாள். கூடம் இருண்டது. மணியின் ஒரு விளிம்பில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம் வழிந்தது.

கிளிக்.

கமராவின் பின்பக்கச் சின்னத் திரையில் கமலநாயகி எட்டிப் பார்த்தாள். பளபளப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு வளைவும் ஒரு நிழலும் மட்டும் தெரிந்தன. இப்போதுதான் அடித்து ஓய்ந்த மணி மாதிரி இருந்தது.

"அட," என்றாள். பிறகு, "களவோ பிள்ளை இது?"

"இல்லை. மினுக்கினதெண்டு எழுதத்தான் வேணும். படம் கத்தாமல் இருக்கவேணும், அவ்வளவுதான்."

கமலநாயகிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பேச்சும் வந்தது.

"உள்ளுக்கும் வடிவா மினுக்கினனான் தேனு. பெயர் வெட்டிக் கிடக்கிற இடத்தைக்கூட விடேல்லை. பல்லுக்குத்துற குச்சியாலை ஒவ்வொரு எழுத்தாக் கிண்டி எடுத்தனான்."

"என்ன பெயர்?"

"கப்பலின்ரை பெயராக்கும். நான் எங்கை வாசிச்சனான்? பாத்திரமெண்டால் பெயர் வெட்டுறதுதானே. நாலு வீட்டுக்கு இரவல் போற சாமான். பெயர் இல்லாட்டில் எப்பிடித் திரும்பி வரும்?"

தேனுஜா மணியை இரண்டு கையாலும் சரித்தாள். பையிலிருந்து சின்ன ரோர்ச்சை எடுத்து உள்விளிம்பில் சாய்வாகப் பிடித்தாள். தாயிடம் அதைக் கொடுத்து, "அசையாமல் பிடியுங்கோ," என்றாள். கமராவைக் கிட்டக் கொண்டுபோனாள்.

கிளிக்.

திரையில் பெரிதாக்கினாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. கமலநாயகி உதட்டை அசைத்துக் கூட்டி வாசித்தாள்.

"ஹென்... றி... யெட்டா. இதென்ன, அமாலியா இல்லையே?"

"இல்லை."

"ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு."

"கப்பல் கட்டினது தொண்ணூற்றொன்பதிலை," என்றாள் தேனுஜா. "மணி கப்பலுக்குப் பன்னிரண்டு வயசு மூப்பு."

பட்டியலில் முதலாம் இலக்கத்துக்குக் கீழே எழுதியிருந்ததை மெல்லிய குரலில் தமிழில் சொன்னாள். அமாலியாவின் முதல் மணி. 1899ஆம் ஆண்டிலிருந்து இந்தக் கப்பலில் ஒலித்தது. ஏலத்துக்குப் போகும் முப்பத்தாறில் இதற்குத்தான் ஏலப் புத்தகத்தின் முன்பக்கப் படம். ஹெர் லூடர்ஸ் கப்பல் பார்க்க வருகிறவர்களை முதலில் கூட்டிக்கொண்டு போவதும் இதற்கு முன்னால்தான்.

நூறு வருடக் கறுப்புக்குள் வேறொரு கப்பல் ஒளிந்திருந்திருக்கிறது. அதைக் கிண்டி வெளியே எடுத்தது இரண்டு யூரோப் புளி.

பாலத்தில் குதிக்கால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. நேரம் ஒரு மணி.

ஃப்ரௌ மார்க்வார்ட் நெட்டை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். உள்ளே வந்ததும் திரைகளை விலக்கினார். மணியைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஊதுகுழலையும் விளக்குகளையும் பார்த்தார்.

"யார்?"

"நான்," என்றாள் தேனுஜா. காற்று மாதிரி ஒரு குரலில்.

கமலநாயகிக்கு ஜெர்மன் பாதிதான் விளங்கும். ஆனால் இந்தச் சொல் விளங்கும். மகள் தன்னை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்பதும் விளங்கியது. துப்புரவுக்காரி செய்தாள் என்று தெரிந்தால் தாயின் வேலை போய்விடும் என்று இந்தப் பிள்ளை கணக்குப் பார்த்திருக்கிறது.

கமலநாயகி முன்னுக்கு வந்தாள்.

"நைன். இஹ்," என்றாள், நெஞ்சில் கை வைத்து. "இஹ் புட்சன். டொஹ்டர் நிஹ்ட்." நான்தான் மினுக்கினேன், மகள் இல்லை. சாட்சிக்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

ஃப்ரௌ மார்க்வார்ட் அந்த விரல்களைக் கவனமாகப் பார்த்தார். விலை மதிக்கிறவர் எதையும் அப்படித்தான் பார்ப்பார்.

"நூறு வருடத்தை ஒரு பின்னேரத்தில் கழுவிவிட்டீர்கள், ஃப்ரௌ பரராசசிங்கம்."

"என்ட்ஷுல்டிகுங்," என்றாள் கமலநாயகி. இந்த நாட்டுக்கு வந்து அவள் ஆகக்கூடுதலாகச் சொன்ன சொல் அதுதான். மன்னியுங்கோ. இவ்வளவு மனதாரச் சொன்னது இன்றைக்குத்தான்.

"சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதவேண்டும். விலை இறங்கும். சரி, நடந்தது நடந்துவிட்டது." மகள் பக்கம் கையை நீட்டினார். "படங்களைக் காட்டுங்கள்."

பதினேழு வயதுப் பிள்ளையை அவர் 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். அது கமலநாயகிக்குப் பிடிக்கும்.

நின்றபடியே ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கோப்பையின் வெடிப்பில் நின்று தலையாட்டினார். தொப்பியின் உள்பக்கத் தையலைப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியாக மணி. அந்த இருட்டுப் படத்தில் நெடுநேரம் நின்றார்.

"இந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது?"

தேனுஜா யன்னலைக் காட்டினாள். பிறகு தாயின் சால்வையைக் காட்டினாள்.

ஃப்ரௌ மார்க்வார்ட் கண்ணாடியைக் கழற்றினார். "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அப்பாவோடு வாருங்கள். உங்களுக்குப் பதினெட்டு ஆகவில்லை. ஒப்பந்தத்தில் அவருடைய கையெழுத்தும் வேண்டும்."

திங்கட்கிழமை. ஒப்பந்தம். கையெழுத்து. மூன்றும் கமலநாயகிக்குத் தெரிந்த சொற்கள். கண் நிரம்பிவிட்டது. டோர்ட்மண்டும் இல்லை, கல்லாவும் இல்லை, புஷ்பராணியின் குத்தல் கதையும் இல்லை. நல்லூர்க் கந்தா, புளியைப் போட்டும் பிள்ளை கரையேறிவிட்டது.

அப்போதுதான் பார்த்தாள். தேனுஜாவின் பெருவிரல் கமராவின் பொத்தானில் நின்றது. அடுத்த படத்துக்குப் போகும் பொத்தான். அந்த அடுத்த படம் என்னவென்று கமலநாயகிக்குத் தெரியும்.

ஒரே எட்டில் போய் மகளின் முழங்கையைப் பிடித்தாள்.

"பேசாமல் இரு பிள்ளை," என்றாள் தமிழில், பல்லுக்குள்ளால். "ஒரு சொல்லும் சொல்லாதை. திங்கட்கிழமை கையெழுத்து முடியட்டும். ஆருக்குத் தெரியப்போகுது?"

வாயைத் திறந்து கதையடி, கதையடி என்று பதினேழு வருடமாக நாக்குத் தேய்ந்தவள் அவள்தான்.

தேனுஜா தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெயர் வெட்டின பாத்திரம் அம்மா. எங்கடை எண்டு சொல்லேலுமோ?"

வேறொரு வீட்டுப் பெயர் வெட்டிய கிடாரம் ஒன்று கொண்டாட்டம் முடிந்து நம் வீட்டுச் சமையலறையில் மிஞ்சினால், விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்காமல் யாராவது சோறு காய்ச்சுவார்களா? அப்படி ஒருத்தியைக் கமலநாயகி கேள்விப்பட்டதில்லை. கை தானாகவே முழங்கையை விட்டது.

"இன்னும் ஒரு படம் இருக்கிறது," என்றாள் தேனுஜா, ஜெர்மனில்.

குரல் நடுங்கியது. ஆனாலும் வந்தது. மணியின் உள்ளே ஒரு பெயர் இருக்கிறது. அது அமாலியா இல்லை. ஆண்டும் பொருந்தவில்லை. அம்மா மினுக்கியபடியால்தான் தெரிந்தது. நாலு வசனம். கமலநாயகி ஒவ்வொன்றாக எண்ணினாள்.

ஃப்ரௌ மார்க்வார்ட் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். நல்ல பாவாடையோடு தரையில் முழங்காலில் இருந்து மணிக்குள் தலையை விட்டார். எழும்பி, படிக்கட்டுப் பக்கம் போய், "ஹெர் லூடர்ஸ்! ஒரு நிமிடம்!" என்று கூப்பிட்டார்.

லூடர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மணி மினுங்குவதைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு உள்ளே பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"முப்பது வருடமாக நான் ஆட்களுக்குக் கதை சொன்னேன்," என்றார். "எனக்கு என் அப்பா சொன்னார். அவருக்கு யார் சொன்னார்களோ." விரலால் எழுத்துகளைத் தடவினார். "ஹென்றியெட்டா."

கோட்டுப் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து அந்தப் பெயரையும் ஆண்டையும் எழுதினார். கொப்பியை மூடிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

ஃப்ரௌ மார்க்வார்ட் பட்டியல் தாளை எடுத்தார். முதலாம் இலக்கத்தைப் பேனையால் வெட்டினார். பேனை புளிக் கறைக்கு மேலால் போனது.

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது," என்றார் தேனுஜாவிடம். அது பாராட்டா, குறையா என்று குரலில் தெரியவில்லை. "நான் சங்கத்தோடு பேசவேண்டும். ஏழு மணிக்குள் தொலைபேசியில் சொல்கிறேன்."

திங்கட்கிழமை என்ற சொல்லை அவர் மறுபடி சொல்லவில்லை. கமலநாயகி கடைசிவரை காத்திருந்து பார்த்தாள்.

திரும்பி வரும் எஸ்-பான் ஐந்து தரிப்பிடம் கடந்திருந்தது.

"என்ரை கைக்குத்தான் அடிக்கவேணும்," என்றாள் கமலநாயகி.

"பாண் கிடக்கோ அம்மா?"

எடுத்துக் கொடுத்தாள். காய்ந்து போயிருந்தது. தேனுஜா நாலு கடியில் விழுங்கிவிட்டு மறுபடி கையை நீட்டினாள்.

"மற்றத் துண்டையும் தாங்கோ."

கமலநாயகி கொடுத்துவிட்டு மகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். இந்தப் பிள்ளை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு எவ்வளவு நாள்!

பரராசசிங்கம் முன்னறையில் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தார். சனிக்கிழமை அவருக்கு உணவகச் சமையலறையில் ஓய்வு நாள். புஷ்பராணியின் இலக்கம் மனப்பாடம்; ஆனாலும் இலக்கப் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார்.

"என்ன மாதிரி?"

"ஏழு மணிக்குள்ளை எடுப்பினமாம்," என்றாள் கமலநாயகி.

"எடுக்கட்டும். நான் சொன்னால் சொன்னதுதான். ஏழரை."

கமலநாயகி கோட்டைக் கழற்றி மாட்டப் போனாள். கதவுக் கொளுவியில் ஒரு வெள்ளைச் சேட் தொங்கியது. கழுத்துப்பட்டி மடிப்புக் குலையாமல் அழுத்தியிருந்தது. அவள் அழுத்தவில்லை.

"இதென்ன, சேட்டெல்லாம் அழுத்திக் கிடக்கு?"

"சும்மா. சுருங்கிக் கிடந்தது."

கையெழுத்துப் போடப் போகிறவன் சுருங்கிய சேட்டோடு போவானோ? கமலநாயகி குசினிக்குள் போனாள்.

ஏழு மணி அடித்தது. ஏழு பத்து. கமலநாயகி கழுவிய கோப்பையையே கழுவிக்கொண்டு நின்றாள். ஏழு இருபது. பரராசசிங்கம் தொண்டையைச் செருமினார். தேனுஜா சோபாவின் நுனியில் இருந்து கமராவின் வாரை விரலில் சுற்றினாள். சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள்.

ஏழு இருபத்தைந்துக்குப் பரராசசிங்கத்தின் கை ரெலிபோனுக்குப் போனது. தொடுவதற்கு முன் அது அடித்தது.

அவருடைய கை அந்தரத்தில் நின்றது. அவர் பேசும் ஜெர்மன் சமையலறைக்கு மட்டும் காணும். கமலநாயகியின் கையெல்லாம் சவர்க்கார நுரை. இரண்டாம் தரம் அடித்தது. மூன்றாம் தரம்.

தேனுஜா எழும்பி வந்து எடுத்தாள்.

"தேனுஜா பரராசசிங்கம்."

தன்னுடைய முழுப் பெயரையும் மகள் ஓர் அந்நியருக்குச் சொல்லித் தகப்பன் கேட்டது இதுதான் முதல் தரம். பரராசசிங்கம் கையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டார்.

"யா," என்றாள் தேனுஜா. கொஞ்சம் பொறுத்து, "யா." பிறகு நெடுநேரம் கேட்டாள். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. கமலநாயகி நுரைக் கையோடு குசினி வாசலுக்கு வந்துவிட்டாள். சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுந்தது.

தேனுஜா ரெலிபோன் வாயைக் கையால் பொத்தினாள்.

"அப்பா, திங்கட்கிழமை ஒன்பதுக்கு எங்களை வரட்டாம்."

"கையெழுத்துக்கோ?"

"அதைச் சொல்லேல்லை. ஹெர் லூடர்ஸும் அங்கை வாறாராம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"என்னையோ? என்னை என்னத்துக்குப் பிள்ளை?"

தேனுஜா ரெலிபோனை மறுபடி காதில் வைத்துக் கேட்டாள். புருவம் மெல்ல உயர்ந்தது. இன்னொரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

"தெரியேல்லை அம்மா. புளியும் கொண்டு வரட்டாம்."